பழக் கேக் விடுதலைச் சட்டம்

மேலவை உறுப்பினர் வாரிக் டன்ஸ்டனின் அரசியல் வாழ்க்கை ஒரு செத்த மரத்திலிருந்து தொடங்குகிறது. எங்கள் ஊரான பின்யாராவுக்கு வெளியே, அவருடைய ஆட்டுப் பண்ணையின் வேலியோரம், ஒரு யூகலிப்டஸ் மரம் பட்டுப்போய் நின்றது. என்றைக்கு வேலி மேல் சாயுமோ என்ற நிலை. வெட்டுவதற்கு அனுமதி கேட்டு உள்ளூர் மன்றத்துக்கு மனுப் போட்டார். மரப்பொந்தில் கிளி குடியிருக்கக் கூடும், ஆகவே கிளி நிபுணர் வந்து பார்த்தாக வேண்டும் என்று பதில் வந்தது. நிபுணர் முட்டையிடும் பருவத்தில்தான் வருவாராம். பருவம் வந்தது, நிபுணர் வரவில்லை, காற்று வந்தது. மரம் விழுந்து, வேலி படுத்து, அறுநூறு ஆடுகள் நெடுஞ்சாலையில் போய் நின்றன. அதற்கு அடுத்த வாரம் அனுமதிக் கடிதம் வந்தது. மேற்படி மரத்தில் ஆறு கிளைகள் வரை கழிக்கலாம், ஆனால் மரத்தை எக்காரணம் கொண்டும் சாய விடாமல் நின்ற நிலையிலேயே பராமரிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

வாரிக் கடிதத்தைப் படித்தார். மரத்தைப் பார்த்தார். அந்த வருடமே தேர்தலில் நின்றார்.

அவர் சேர்ந்தது தலையிடாதே கட்சி. மாநிலம் முழுக்க அதற்குப் பதினெட்டு உறுப்பினர்கள். தலைவர் கிடையாது, ஏனென்றால் தலைவர் இருந்தால் தலையிடுவார். எங்கள் வட்டாரத்தில் நூற்றுக்கு மூன்று பேர் வாரிக்குக்கு முதல் வாக்குப் போட்டார்கள். எங்கள் ஊர்த் தேர்தல் முறையில் தோற்ற கட்சிகளின் வாக்குகள் சும்மா போகாது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உருளும். மீன்பிடிப்போர் கட்சி கேரவன் கட்சிக்கு உருண்டது. கேரவன் கட்சி காட்டுப்பன்றி வேட்டைக் கட்சிக்கு உருண்டது. எல்லாம் உருண்டு திரண்டு கடைசியில் வாரிக்கின் காலடியில் வந்து நின்றன. தான் ஜெயித்த செய்தியை அவர் வானொலியில் கேட்டபோது ஆட்டுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாராம். மீதி ஆடுகளுக்கு அவர் ஊற்றவில்லை.

அன்றிலிருந்து நான் அவருடைய தொகுதி அலுவலகத்தின் ஒரே உதவியாளன். பேக்கரிக்கும் டிராக்டர் உதிரிபாகக் கடைக்கும் நடுவில் எங்கள் அலுவலகம். அரசாங்கமே வேண்டாம் என்று சொல்லும் அலுவலகத்துக்கு அரசாங்கம் நாற்காலி, மேசை, குளிர்சாதனம் எல்லாம் தந்திருந்தது. வாரிக் அவற்றைக் கண்டனத்துடன் பயன்படுத்தினார்.

அவருடைய கன்னிப் பேச்சு சரித்திரத்தில் இடம்பெற வேண்டியது. "நான் இந்த அவைக்கு வந்திருப்பது எதையும் செய்வதற்காக அல்ல" என்று தொடங்கினார். மூன்றரை வருடம் அந்த வாக்குறுதியை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். எந்த மசோதா வந்தாலும் எழுந்து, "கூடாது" என்பார், உட்கார்ந்துவிடுவார். தலைக்கவச மசோதாவா, கூடாது. நாய்ப் பதிவு மசோதாவா, கூடாது. ஒருமுறை தேநீர் இடைவேளைக்கான தீர்மானத்துக்கும் பழக்க தோஷத்தில் கூடாது என்று சொல்லிவிட்டு, தேநீர் குடிக்காமல் தனியாக வெளியே உட்கார்ந்திருந்தார்.

எங்கள் ஜனங்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பின்யாராவில் எவரும் எந்த விதியையும் விரும்பியதில்லை. அணை வெட்ட விதி, குப்பை எரிக்க விதி, டிராக்டரைச் சாலையில் ஓட்ட விதி என்று நகரத்துக்காரன் போட்டுக்கொண்டே போகிறான், இந்த மனுஷன் ஒருத்தராவது எழுந்து நின்று கேட்கிறாரே என்ற சந்தோஷம். "எவ்வளவு சின்ன விதியா இருந்தாலும் எங்கிட்ட கொண்டாங்க, ஒழிச்சுக் கட்டுறேன்" என்று அவர் போகிற இடமெல்லாம் சொன்னார். நாங்கள் கை தட்டினோம். யாரும் எதையும் கொண்டுவரவில்லை.

அடுத்த தேர்தலுக்கு ஒரு வருடம் இருந்தது. வாரிக்கின் மனைவி மார்னி, பண்ணையின் ஆயிரத்து எண்ணூறு ஆடுகளையும் தனியாகக் கட்டி மேய்ப்பவள், ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்து என் முன்னாலேயே சொன்னாள்:

"இங்க பாரு வாரிக். ஜெயிச்சா அங்கேயே இரு, நான் கேட்கலை. தோத்தா மறுநாள் காலையில கொட்டகைக்கு வந்துடணும். எல்லா ஆட்டுக்கும் வால்பக்கம் புழுக்கை ஒட்டின மயிரைக் கத்தரிக்கிற வேலை உனக்குத்தான். வருஷா வருஷம் நானே குனிஞ்சு இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

வாரிக்கின் முகம் வெளுத்தது. அவர் சுதந்திரத்தை எவ்வளவு நேசித்தார் என்பது எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது.

இந்த நிலையில்தான் பார்னி வந்தான். பார்னி டோல்ஹர்ஸ்ட், ஆட்டுக்குக் கம்பளி கத்தரிப்பவன். கதவில் குனிந்துதான் நுழைவான். ஒரு நாளைக்கு நூற்றெழுபது ஆடு கத்தரிக்கிற கை அது. அந்தக் கைகளில் ஒரு தட்டு, தட்டில் ஒரு பழக் கேக், கேக் மேல் ஒரு சிவப்புச் சீட்டு.

"வாரிக் அண்ணே, சின்ன விதியா இருந்தாலும் கொண்டான்னு சொன்னீங்கல்ல? கொண்டாந்திருக்கேன்."

சீட்டில் எழுதியிருந்தது: தகுதி நீக்கம். காரணம், கம்பித் தடம்.

பின்யாரா விவசாயக் கண்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காளை உண்டு, குதிரை உண்டு, மரம் வெட்டும் போட்டி உண்டு, ஆனால் மானம் மரியாதை எல்லாம் பழக் கேக் கொட்டகையில்தான். அங்கே நடக்கும் போட்டிக்கு நாற்பத்தொரு விதிகள். கேக் சதுரமாக இருக்க வேண்டும், பக்கம் இருபது சென்டிமீட்டர். உலர் திராட்சை ஒவ்வொன்றையும் மூன்றாக நறுக்க வேண்டும். செர்ரியை நான்காக. மூன்றாக நறுக்கிய செர்ரி கண்ணில் பட்டால் ஐந்து மதிப்பெண் போச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, கேக்கைக் கம்பித் தட்டில் ஆறவைத்து அடியில் கோடு விழுந்திருந்தால் நடுவர் கத்தியையே எடுக்க மாட்டார்.

"ரெண்டு மாசமா பழகினேன் அண்ணே" என்றான் பார்னி. "ஒவ்வொரு திராட்சையையும் இந்த விரலால பிடிச்சு நறுக்கினேன். திருப்பிப் பார்த்தாங்க, கோடு இருக்குன்னாங்க, ஒதுக்கி வெச்சுட்டாங்க. ஒரு வாய், ஒரே வாய், தின்னு பார்த்துட்டு நல்லா இல்லைன்னு சொல்லியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

எனக்குப் பாவமாக இருந்தது. வாரிக்குக்கோ கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "கொடுமை!" என்று கத்தினார். "மனுஷன் தின்கிற சோத்துக்கு அடியில தடவிப் பார்க்கிற சர்வாதிகாரம்!" உணர்ச்சி வேகத்தில் கேக்கைச் சான்று எண் ஒன்று என்று எழுதி அலமாரியில் பூட்டச் சொன்னார். அப்போதும் யாரும் அதைத் தின்னவில்லை.

நாங்கள் இருவரும் ஹில்டா பிராக்டரைப் பார்க்கப் போனோம். இருபத்தேழு வருடமாகக் கேக் கொட்டகையின் பொறுப்பாளர். வாரிக்கின் தேர்தல் பதாகையைத் தன் வீட்டு வேலியில் முதன்முதலில் கட்டியதும் அவர்தான்.

"ஹில்டாக்கா, இந்தக் கம்பித் தட்டு விதியை எடுத்துடணும்" என்றார் வாரிக்.

"எதுக்கு?"

"விதி எல்லாமே அடிமைத்தனம்க்கா. நீங்களே என் கூட்டத்துல கை தட்டினீங்களே."

"அது அரசாங்கம் போடற விதிப்பா. இது நாங்க போட்டது."

"ரெண்டும் விதிதானே?"

"அவன் போட்டா விதி. நாங்க போட்டா தரம்." ஹில்டா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொண்ணும் கேளு. எங்களுது சங்கம். யாரையும் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வரலை. பிடிக்காதவன் அவன் வீட்டுல சுட்டு அவனே தின்னட்டும். தனியார் விவகாரத்துல யாரும் தலையிடக் கூடாதுன்னு மேடைக்கு மேடை சொல்றது யாரு? நானா, நீயா?"

வாரிக் எழுந்து கிளம்பினார். மூன்று நாள் அலுவலகத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சங்கம் தானாக முன்வந்து விதி வைத்திருக்கிறது. அதில் தலையிட்டால் கட்சிக் கொள்கை போச்சு. தலையிடாவிட்டால் பார்னியின் சுதந்திரம் போச்சு. நான்காம் நாள் காலை அவர் முகத்தில் தெளிவு இருந்தது.

"ஒரு சட்டம் கொண்டு வரப் போறேன்" என்றார்.

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "நீங்களா சார்? சட்டமா?"

"சட்டம் இல்லைய்யா. சட்டம் போடக் கூடாதுன்னு ஒரு சட்டம். கணக்குல கழித்தல் இருக்கா இல்லையா? அது மாதிரி இது கழித்தல் சட்டம். நாட்டுல இருக்கற சட்டத்தோட எண்ணிக்கையில ஒண்ணு குறையும்."

"கூடும் இல்லையா சார்?"

"பார்வைக்குக் கூடும். உள்ளுக்குள்ள குறையும்."

அவர் எழுதிய மசோதா ஒரே வரி: கண்காட்சிக் கேக்குகளுக்கு விதி கிடையாது. தலைநகரிலுள்ள சட்ட வரைவு அலுவலகத்துக்கு அனுப்பினோம். அங்கிருந்த அம்மாள் மறுநாளே தொலைபேசியில் வந்தார். இனிமையான குரல்.

"கேக் என்றால் என்ன சார்?"

"என்னம்மா கேள்வி இது? கேக்னா கேக்."

"ஸ்கோன் என்கிற சின்ன பன்னும் கேக்கா?"

"இல்லை."

"தேங்காய்த் துருவலில் புரட்டுகிற லாமிங்டன்?"

வாரிக் யோசித்தார். "அது... பாதி கேக்."

"அப்படியானால் பாதி கேக்குக்குத் தனிப் பிரிவு போட்டுவிடுகிறேன். விதி கிடையாது என்பதை யார் உறுதி செய்வது?"

"ஏன் உறுதி செய்யணும்?"

"உறுதி செய்யாவிட்டால் ரகசியமாக விதி வைத்துக்கொள்வார்களே சார்."

இதில் நியாயம் இருந்தது. வாரிக் சரி என்றார். ஹில்டாவை அவருக்குத் தெரியும்.

மசோதா திரும்பி வந்தபோது அதில் அறுபத்து மூன்று பிரிவுகள் இருந்தன. ஒவ்வொரு கண்காட்சிச் சங்கமும் தன்னிடம் விதி ஏதும் இல்லை என்று மூன்று பிரதிகளில் நிரூபிக்க வேண்டும். அதைச் சரிபார்க்க விதியின்மை ஆய்வாளர்கள் நியமிக்கப்படுவார்கள். கேக் போட்டிக்கு வருகிறவர் எவராயினும், சாட்சி ஒருவர் முன்னிலையில், கீழ்க்கண்ட உறுதிமொழியில் கையொப்பமிட வேண்டும்: "இக்கேக்கிலுள்ள திராட்சைகளை யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, என் சுய விருப்பத்தின் பேரிலேயே நறுக்கினேன், அல்லது நறுக்காமல் விட்டேன்." எல்லாத் திராட்சையும் ஒரே அளவில் இருந்தால் வற்புறுத்தல் நடந்திருப்பதாகக் கருதப்படும். ஆகவே ஆய்வாளர் அளந்து பார்ப்பார்.

வாரிக் இரண்டு முறை படித்தார். "ஒவ்வொரு பிரிவும் சுதந்திரத்தைத்தான் காப்பாத்துது" என்றார்.

மேலவையில் மசோதா ஒருமனதாக நிறைவேறியது. ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து மேசையைத் தட்டின. சுதந்திரத்தையும் ஒழுங்குபடுத்த முடியும் என்று கனம் உறுப்பினர் நாட்டுக்கே வழிகாட்டியிருக்கிறார் என்று அமைச்சர் புகழ்ந்தார். ஒரே ஒரு குரல் மட்டும் "கூடாது" என்றது. அது வாரிக்தான், பழக்கம். பிறகு எழுந்து திருத்திக்கொண்டார்.

அடுத்த கண்காட்சி அக்டோபரில் வந்தது, தேர்தலுக்கு ஆறு வாரம் முன்னால். கேக் கொட்டகை வாசலில் சாலை வரைக்கும் வரிசை. ஒரு கையில் கேக், ஒரு கையில் படிவம், சாட்சிக்கு ஆள் தேடி அலைகிற சனம். நகரத்திலிருந்து வந்த ஆய்வாளர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு இடுக்கியால் திராட்சையைத் தோண்டியெடுத்து அளந்தார். பார்னியின் புதிய கேக்கைத் திருப்பிப் பார்த்தார். இந்தத் தடவை அடியில் கோடே இல்லை.

"ஏன் கோடு இல்லை?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"துணி போட்டு ஆறவெச்சேன் சார்."

"யாருக்குப் பயந்து?"

பார்னி ஹில்டாவைத் திரும்பிப் பார்த்தான். வற்புறுத்தலுக்கு உட்பட்ட கேக் என்று சிவப்புச் சீட்டு ஒட்டினார்கள். அன்று மாலைக்குள் நூற்றுப் பன்னிரண்டு கேக்குகளில் நூற்றுப் பத்துக்கு அதே சீட்டு. மீதி இரண்டும் லாமிங்டன், அதாவது பாதி கேக்.

ஹில்டா ஒரு ஆப்பிள் பெட்டி மேல் ஏறி நின்றார். "சனங்களே, நம்ம அடுப்பங்கரைக்குள்ள அரசாங்கத்தை நுழைச்சவன் யாரு? தலையிடாதே கட்சி! நான் நிக்கிறேன் தேர்தல்ல. எனக்குப் போடுங்க, இந்தச் சட்டத்தைக் கிழிச்சு அடுப்புல போடறேன்!"

அப்படி ஒரு கை தட்டலை நான் வாரிக்குக்கு வாங்கித் தந்ததில்லை. அவர் காளைகளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஆயிரத்து எண்ணூறு வால்" என்று முணுமுணுத்தார். என்னவென்று நான் கேட்கவில்லை.

மறுநாளே அவர் அறிக்கை விட்டார். தன் சட்டத்தைத் தானே ரத்து செய்யப்போவதாக. அதற்கும் வழிமுறை இருந்தது. அறுபத்தோராம் பிரிவின்படி, சட்டத்தை நீக்கும் முன் வட்டாரத்திலுள்ள பன்னிரண்டு ஊர்களிலும் தனித்தனியே மக்கள் கருத்துக் கேட்க வேண்டும். முதல் கூட்டம் பின்யாராவில். ஊர் மன்றக் கூடம் நிரம்பி வழிந்தது. ஹில்டா முன் வரிசையில், வாரிக் மேடையோரத்தில் நெற்றியைத் துடைத்தபடி. அரசுத் துறையிலிருந்து வந்திருந்த இளம் அதிகாரி எழுந்தார்.

"இந்தச் சட்டம் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம்."

கூடம் முழுக்கக் கை. இரண்டு கையையும் தூக்கியவர்களும் உண்டு.

"நன்றி. பதிவு செய்துகொள்கிறேன்." அதிகாரி எழுதினார். "அப்படியானால் பன்னிரண்டு ஊர்களுக்கும் சேர்த்து நீக்கிவிடலாம். விர்ராபீனுக்கும் சேர்த்து."

கைகள் மெதுவாக இறங்கின. விர்ராபீன் எங்களுக்கு முப்பது மைல் கிழக்கே. வட்டாரக் கேக் கோப்பையை ஒன்பது வருடமாக அவர்கள்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "விர்ராபீனுக்கும் எடுத்துருவீங்களா?"

"ஆமாம். அவர்களும் இஷ்டப்படி கேக் சுட்டுக்கொள்ளலாம்."

"அவனுங்க கடையில வாங்கின கலவை மாவுல சுடறாங்கன்னு ஊருக்கே தெரியும் சார்!"

"திராட்சையை மெஷின்ல போட்டு அரைக்கிறான்!"

"அவங்களைக் கேட்க ஒரு நாதி வேண்டாமா?"

ஹில்டா எழுந்தார். தொண்டையைக் கனைத்தார். "தம்பி, நாங்க கேட்கிறது எங்க சுதந்திரத்தை. விர்ராபீன் சுதந்திரத்தைப் பத்தி நாங்க பேசறது நியாயம் இல்லை. அது அவங்க உள் விவகாரம். அதுல நாங்க தலையிட மாட்டோம். சட்டம் அங்க இருந்துட்டுப் போகட்டும்."

வாரிக்கின் தலை நிமிர்ந்தது. இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை.

"பின்யாராவுக்கு விலக்கு! விர்ராபீனுக்குச் சட்டம்! நான் வாக்குக் கொடுக்கிறேன்!" என்றார்.

"இதை ஆதரிப்பவர்கள்?" என்றார் அதிகாரி.

முதலில் கை தூக்கியவன் பார்னி. அவன் கை உயரமானது என்பதால் எல்லாருக்கும் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் கூடம் முழுக்க உயர்ந்தது. குறிப்பெழுத வந்தவன் நான், பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினேன். விர்ராபீன் கேக்கை நீங்கள் தின்று பார்த்ததில்லை, அதனால் என்னைக் குறை சொல்வது சுலபம்.

மறுநாள் விர்ராபீனில் கூட்டம். அங்கே அவர்கள் ஒருமனதாகத் தங்களுக்கு விலக்குக் கேட்டார்கள். சட்டத்தைப் பின்யாராவுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வாரிக் அவர்களுக்கும் வாக்குக் கொடுத்தார். மூன்றாம் ஊர் தனக்கு விலக்கும் அந்த இரண்டு ஊருக்கும் சட்டமும் கேட்டது, கொடுத்தார். இப்படிப் பன்னிரண்டு ஊர், பன்னிரண்டு வாக்குறுதி. ஹில்டா நேர்மையான பெண். பின்யாராவுக்கு மட்டும்தான் விடுதலை கேட்டார், ஆகவே பின்யாராவில் மட்டும்தான் வாக்கு வாங்கினார். நவம்பரில் வாரிக் ஜெயித்தார். இம்முறை எதுவும் உருண்டு வரவில்லை, நேராகவே வந்து விழுந்தது. மார்னி செய்தியைக் கேட்டுவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டு தனியாகக் கொட்டகைக்குப் போனாள். அவளை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கிறது.

துறை அதிகாரி பன்னிரண்டு ஊர்த் தீர்மானங்களையும் கூட்டிப் பார்த்தார். ஒவ்வோர் ஊரும் தனக்கு மட்டும் விலக்குக் கேட்டிருந்தது. ஒவ்வோர் ஊருக்கும் பக்கத்து ஊர்கள் சட்டம் கேட்டிருந்தன. பெரும்பான்மை எங்கும் தெளிவாக இருந்தது. ஆகவே மக்களின் விருப்பப்படி, அறுபத்து மூன்று பிரிவுகளும் ஓர் எழுத்துக்கூட மாறாமல், பன்னிரண்டு ஊர்களிலும் அமலில் இருக்கின்றன. மக்கள் சுதந்திரத்துக்கே வாக்களித்திருக்கிறார்கள் என்று வாரிக் அவையில் சொன்னார். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

இந்த வருடம் படிவம் கொடுக்க எல்லா ஊருக்கும் ஒரே கடைசி நாள். நாங்கள் காலையிலேயே உறுதிமொழியில் கையொப்பம் போட்டு, ஒருவருக்கொருவர் சாட்சி நின்று, கொடுத்து முடித்தோம். பிறகு ஹில்டா, பார்னி, நான், இன்னும் இருபது வண்டிகள், விர்ராபீனுக்குக் கிளம்பினோம், அவர்கள் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வர. பாதி வழியில் எதிரே புழுதி கிளம்பியது. விர்ராபீன்காரர்கள், இருபது வண்டிகளில், எங்கள் ஊர்ப் பக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். யாரும் வண்டியை நிறுத்தவில்லை. அவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்தி, இந்தப் பக்கத்து வழக்கப்படி, மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். நாங்களும் சொன்னோம்.